எழுதாமல் விட்ட வரி

டிப்டன்
4 ஆகஸ்ட் 2023

பூசாரியம்மா பெரில் ஆஸ்க்யூ அவர்களுக்கு,

ஜேபஸ் லாக்லி சொல்லிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்று போடமாட்டேன். எனக்கு எழுத வராது. நிலக்கரிப் படகில் பிறந்தவன் நான். எங்கள் படகு எந்த ஊரிலும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நின்றதில்லை, எந்தப் பள்ளிக்கூடமும் எங்கள் பின்னால் நடந்து வந்ததில்லை. நான் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது, நூலகத்தில் மிசஸ் தில்லன் காகிதத்தில் அடித்து உறையில் போட்டுத் தருகிறார். நீ போனில் எதையும் படிக்கமாட்டாய் என்பதால் இத்தனை சுற்று.

செவ்வாய்க்கிழமை அறுவடைப் பூசையில் நீ எனக்குச் செய்தது சரியா? அதைக் கேட்கத்தான் இது.

உன் வயல் கதவில் ஒரு கூடை வைத்து, எல்லோரும் போனைப் போட்டுவிட்டு உள்ளே வரவேண்டும் என்றாய். போட்டேன். மே மாதம் நடந்தது எனக்கும் தெரியும், அதில் குறை சொல்லவில்லை. பிறகு உன் புதுச் சீடன், அந்தத் தாடிக்கார ரூபர்ட், கூடையை மறுபடி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"தாத்தா, காதுல மாட்டியிருக்கறதையும் போட்ருங்க. வட்டத்துக்குள்ள கரண்ட் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

நான் உன்னைப் பார்த்தேன். நீ கோதுமைக்கதிரைப் பார்த்தாய்.

இரண்டு காது மெஷினையும் கழற்றிப் போட்டேன். எழுபத்தொன்பது வயதில் பல்செட்டைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் என்ன? கால்வாய் மீன் வாய் திறந்து மூடுவது போல நீங்கள் எல்லோரும் வாயசைத்தீர்கள். வட்டத்தின் மேற்கு வாசல் காக்கிறவன் நான், நாலாவது அழைப்புக்குப் பதில் சொல்லவேண்டும். உன் உதட்டைப் பார்த்து நாலாவது என்று எண்ணிக்கொண்டு "மேற்கு திறந்தது" என்று கத்தினேன். நீ அப்போது ரொட்டியை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தாய். ரூபர்ட் சிரித்தான். சிரிப்பு தெரிய காது வேண்டாம், பெரில்.

ஐம்பத்தைந்து வருஷமாக இந்த வட்டத்தில் நிற்கிறேன். ஒரு பதில் தவறியதில்லை.

உனக்கு முன்னால் பூசாரியம்மாவாக இருந்த என் மனைவி நெல் ஜனவரியில் போனாள். அக்டோபர் முப்பத்தொன்றில் செத்தவர்களைக் கூப்பிடும்போது அவளுக்கு முதல் அழைப்பு. மேற்கில் நின்று அவள் பெயரைக் காதால் கேட்டு, அவளுக்காகப் பதில் சொல்லவேண்டியவன் நான்தான். என் காதோடு வருவேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

ஜேபஸ்

•

கிளன்
12 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ஜேபஸ்,

ரூபர்ட் சிரித்தது தவறு. கண்டித்துவிட்டேன். ஆனால் விதி விதிதான்.

மே முதல் நாள் வட்டத்தில் யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருந்து போன் எட்டிப்பார்த்துப் படம்பிடித்தது. மறுநாள் நாம் அனைவரும் ஊர் வேடிக்கை பார்க்கும் படமாகிவிட்டோம். நம் வட்டத்து ஷோனா குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு தாய் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து "சூனியக்காரிகிட்டயா என் புள்ளைய விட்டேன்" என்று கேட்டாளாம். ஷோனாவுக்கு இப்போது வேலை இல்லை. பழைய தெய்வங்களைக் கும்பிடுவது குற்றமில்லை என்று சட்டம் சொல்கிறது. காப்பகத்து வாசலில் நிற்கிறவர்களிடம் சட்டத்தைப் படித்துக்காட்ட முடியுமா?

உங்கள் காது மெஷின் உங்கள் போனோடு பேசுகிறது என்று நீங்களே எல்லோரிடமும் பெருமையடித்தீர்கள். அந்தப் போன் யாரோடு பேசுகிறது? நீங்கள் எனக்கு அனுப்பிய கடிதத்தையே எந்தக் கடலுக்கு அப்பால் எந்தக் கிடங்கில் யார் வைத்திருக்கிறார்களோ. கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்தவர் நீங்கள்.

இதற்கு மேலும் ஒன்று. கரண்ட் வட்டத்துக்குள் வந்தால் காற்று செத்துப்போகிறது. எனக்கு அது உடம்பில் தெரிகிறது. வார்த்தை மூச்சில் வரவேண்டும், கம்பியில் வரக்கூடாது.

அக்டோபருக்குத் தாராளமாக வாருங்கள். காது மெஷின் இல்லாமல். நெல்லின் ஏட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், அல்லது முன்னதாகவே எனக்கு அனுப்பிவிடுங்கள். செத்தவர் ஏட்டை அவர் போனபின் வரும் முதல் அக்டோபர் சடங்கில் வட்டத்து நெருப்பில் எரித்தாகவேண்டும், அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தீட்சை பெற்று உள்ளே வருகிற ஒவ்வொருவரும் நம் சடங்கு முழுவதையும் தம் கையால் ஏட்டில் படியெடுக்கவேண்டும். நீங்கள் எடுக்கவே இல்லை. கண்டிப்பாகப் பார்த்தால் நீங்கள் உள்ளே வந்தவரே இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். அவர்கள் வாயை நான்தான் அடைத்துவைத்திருக்கிறேன். என்னை இன்னும் கஷ்டப்படுத்தாதீர்கள்.

பெரில்

•

டிப்டன்
20 ஆகஸ்ட் 2023

பெரில்,

உன் கடிதத்தைப் போனுக்கு முன்னால் பிடித்தேன். அது படித்துச் சொன்னது. உன் கையெழுத்து அச்சு மாதிரி, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அதன் குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் உள்ளே வந்தவனே இல்லை என்று ரயில் வருகிற நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டது. தேநீரைக் கொட்டிவிட்டு வந்து இதைச் சொல்கிறேன்.

1968இல் என்னைக் கண்ணைக் கட்டி உள்ளே கொண்டுவந்தவர் மிசஸ் ஈடித் ஃபர்லாங். எழுதத் தெரியாது என்றேன்.

"கேக்கத் தெரியுமில்ல? கேளு, போதும்."

மூன்று குளிர்காலம் அவர் சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். அவர் ஒரு தடவைதான் சொல்வார். நான் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

இப்போது உன் சங்கதிக்கு வருவோம். 1979, பிப்ரவரி, வெளியே முழங்கால் வரை பனி. ஒரு இளம் டீச்சரம்மாவைக் கண்ணைக் கட்டி வாசலில் நிறுத்தி, பயமா என்று கேட்டு, உள்ளே கொண்டுவந்த ஆள் யார்? பெண்ணை ஆண்தான் கொண்டுவரவேண்டும், அதுவும் உள்ளே இருக்கிற ஆண்தான் என்பது உன் விதியா, என் விதியா? நான் வெளி ஆள் என்றால் நீயும் வெளி ஆள். நீ கொண்டுவந்த முப்பது பேரும் வெளி ஆள். ரூபர்ட் வயல்வெளியில் தாடியோடு நிற்கிற ஒரு மனுஷன், அவ்வளவுதான். அந்தச் சிலரைக் கூப்பிட்டு இதைக் கணக்குப் போடச் சொல்.

ஏடு ஏடு என்கிறாயே. நீ யார் ஏட்டைப் படியெடுத்தாய்? நெல்லின் ஏட்டை. நெல் யார் ஏட்டை எடுத்தாள்? மிசஸ் ஃபர்லாங் 1974இல் செத்தபோது நெல் பாதிதான் எழுதியிருந்தாள். மூல ஏட்டை எரித்துவிட்டோம், எரித்தாகவேண்டுமே. மீதிப் பாதி? அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். உன் ஏட்டில் அறுவடைக்குப் பிறகு வருகிறதெல்லாம் இந்தக் காது வழியாக வந்தது. இதே காது. இப்போது அதைக் கூடையில் போடச் சொல்கிறாய்.

கரண்ட் வந்தால் காற்று சாகிறதாம். இருபத்தாறு வருஷம் மின்கம்பம் நட்டவன் நான். 1982 ஜனவரியில் பனி கம்பிகளை நூல் மாதிரி அறுத்துப்போட்டது. பள்ளத்தாக்கு மூன்று நாள் இருட்டு, மூன்றாம் நாள் மாலை ஒவ்வொரு சன்னலாக வெளிச்சம் வந்தது. நான் கம்பத்தடியில் மண்டியிட்டு, நாம் கும்பிடுகிற அம்மாவுக்கு நன்றி சொன்னேன். மேஸ்திரி ஆணி தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். மழையும் மின்னலும் அவளுடையது என்றால் கம்பிக்குள் ஓடுவது மட்டும் யாருடையது? நாங்கள் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு கம்பியை மண்ணில் இறக்குவோம். மிஞ்சினது அவளிடமே போகட்டும் என்று.

சடங்கில் நீ பிடிக்கிற கத்தி ஷெஃபீல்ட் எஃகு உலையில் வந்தது. மெழுகுவத்தியை லைட்டரில் பற்றவைக்கிறாய். உன் பாட்டரிக் கார் வேலிக்கு வெளியே நாய் மாதிரி காத்திருக்கிறது. என் காதுதான் உனக்குத் தீட்டு.

வட்டத்து வார்த்தை ஒன்றைக்கூட நான் போனிடம் சொன்னதில்லை. என் சத்தியம் என்னோடு பத்திரம். நெல்லின் ஏட்டை அனுப்பமாட்டேன்.

ஜேபஸ்

•

கிளன்
24 செப்டம்பர் 2023

அன்புள்ள ஜேபஸ்,

ஐந்து வாரம் உங்களுக்கு எழுத முடியவில்லை. நீங்கள் போட்ட கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. அந்தப் பேச்சை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பேசிய சிலரிடமும் சொல்லிவிட்டேன். பாதி ஏடு உங்கள் வாய்மொழி என்று எனக்குத் தெரியாது. நெல் சொன்னதில்லை. அவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

ஆனால் ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் அடுத்தவர் கைக்கடிகாரம் கேட்பார், அதற்கடுத்தவர் போன் கேட்பார். ஷோனாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால் ஒரு வழி யோசித்தேன். நான் உங்கள் பக்கத்தில் நின்று, உங்கள் முறை வரும்போதெல்லாம் தோளைத் தொடுகிறேன். ஒரு பதிலும் தவறாது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அந்த நாளின் உச்சம் பெருமௌனம்தானே. செத்தவர் பெயரைக் கூப்பிட்டதும் எல்லோரும் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் நிற்கிறோமே, அப்போது யாருக்கும் காது வேண்டாம். நாங்கள் எல்லோரும் உங்களைப் போல ஆகிவிடுகிற நேரம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன். நெல்லுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிது என்று நீங்களே பார்த்தீர்களே. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு ஒவ்வொரு வருஷமும் அந்த மௌனத்தில் நாற்காலிக் கையில் தட்டித் தட்டி அழுவாள். "பெருமௌனம் அவங்களை எப்படி உலுக்குது பாருங்க" என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன்.

அவளுக்காகவாவது வாருங்கள்.

பெரில்

•

டிப்டன்
1 அக்டோபர் 2023

பெரில்,

தோளைத் தொடுவதைப் பற்றிக் கத்தவேண்டும் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். மாட்டைத் திருப்புகிற மாதிரி என்னைத் திருப்புவாயா என்று கேட்க இருந்தேன். அது கிடக்கட்டும்.

என்ன மௌனம்?

போனை நாலு தடவை திரும்பப் படிக்கச் சொன்னேன். பெருமௌனம், பெருமௌனம் என்றே சொல்கிறது. அப்படி ஒன்று நம் சடங்கில் கிடையாது, பெரில். மிசஸ் ஃபர்லாங் காலத்தில் இல்லை, நெல் காலத்தில் இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் ஒரு வரி உண்டு. பூசாரியம்மாவும் மேற்கில் நிற்கிறவனும் மட்டும் மூச்சுக்குள் சொல்கிற வரி. போனவர்களுக்கு வழி திறப்பதே அந்த வரிதான். அதை எழுதக்கூடாது. வாயிலிருந்து காதுக்கு மட்டும். போகிற பூசாரியம்மா வருகிற பூசாரியம்மா காதில் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

நெல் ஏட்டை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவனுக்கும் காலி இடம் தெரியும். கிண்ணம் வரைந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம், நடுவில் ஒரு வரி அகலத்துக்கு ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சு வரைந்திருக்கிறாள், இங்கே ஒன்று இருக்கிறது என்பதற்கு அடையாளமாக. நான் சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினேன், அவள் பேனாவை எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டாள். என் கண் முன்னாலேயே போட்டாள்.

உன் ஏட்டில் முடிச்சு இருக்கிறதா, பார்.

2006 அக்டோபரில் நெல் உனக்குப் பட்டம் கட்டுவதாக இருந்தது. செப்டம்பரில் பக்கவாதம் வந்து அவள் வார்த்தையெல்லாம் போயிற்று. சொல்லவும் வராது, எழுதவும் வராது. முன்னாலேயே உன்னிடம் சொல்லிவைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். அந்த வரியின் நேரத்தில் மேற்கில் நிற்கிறவன் முகம் வெளியே பார்த்திருக்கும், உன் உதடு எனக்குத் தெரியாது, மூச்சுக்குள் சொல்வது வெறும் காதுக்கு எட்டவும் எட்டாது. நீயும் சொல்கிறாய் என்று நம்பி என் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினேழு வருஷம்.

அவள் நாற்காலி உன்னைப் பார்த்துத்தான் போட்டிருக்கும். உன் உதடு அசையாததை அவள் பார்த்தாள். ஒவ்வொரு வருஷமும் பார்த்தாள். தட்டினாள். அவள் அழவில்லை பெரில், உன்னைத் திட்டினாள். என்னைத் திட்டினாள். நீ அதை வேடிக்கை காட்டினாய். நான் அதைவிட மோசம். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்டது. தட்டும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. போன நாக்கை நினைத்து ஏங்குகிறாள் என்று எண்ணி, வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குச் சாக்லேட் வாங்கிக்கொடுத்தேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று பீற்றிக்கொள்கிறவன் நான். அவள் அதைத் தொடவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

இந்த வருஷம் நான் இல்லாமல் நீங்கள் வட்டம் போட்டால் அந்த வரியை யார் சொல்வார்கள்? அவளுக்கு யார் வழி திறப்பார்கள்? அதை இந்தப் போனிடம் சொல்லமாட்டேன், மிசஸ் தில்லனிடம் சொல்லமாட்டேன். நீ இங்கே வரவேண்டும். நான் உன் காதில் சொல்லவேண்டும், நீ என் காதில் திருப்பிச் சொல்லவேண்டும், சரியா என்று நான் கேட்கவேண்டும். எதை வைத்துக் கேட்பேன் என்று நீயே முடிவு செய்.

ஜேபஸ்

•

கிளன்
6 அக்டோபர் 2023

ஜேபஸ்,

முடிச்சு இருக்கிறது. அலங்காரம் என்று நினைத்து நானும் அழகாக வரைந்திருக்கிறேன், பச்சை மையில். என்னிடமிருந்து எடுத்தவர்களும் வரைந்திருக்கிறார்கள். ரூபர்ட் அதைக் கையில் பச்சை குத்தியிருக்கிறான்.

எனக்கு உங்கள் மேல் வருகிற கோபத்தை எந்த மையில் எழுதுவது? பதினேழு வருஷம் என் பின்னால் நின்றீர்கள். சடங்கு முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "பெரில், அந்த வரி சொன்னியா?" என்று கேட்டிருக்கலாமே. ரகசியம், ரகசியம் என்று காத்து, யாருக்குத் தெரியவேண்டுமோ அவளுக்கே தெரியாமல் காத்தீர்களே. என் அம்மா பெயரை அந்த வட்டத்தில் கூப்பிட்டேன். அண்ணன் பெயரைக் கூப்பிட்டேன். மரம் மாதிரி நின்றுவிட்டு அதற்கு மௌனம் என்று பெயரும் வைத்தேன்.

நெல்லைப் பற்றி எழுதியதை முழுவதும் படிக்க முடியவில்லை. நாளை படிப்பேன்.

ஷோனாவைக் கேட்டேன். அவள் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றமாட்டேன் என்று இருந்தேன். வரியைப் பற்றிச் சொல்லவில்லை, உங்கள் காதைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"என் வேலையைப் பறிச்சது அந்தப் பெரியவர் காதா? படம் புடிச்சு ஊருக்குக் காட்டினவன் ஒருத்தன் இருக்கான், அவனை யாருன்னு கண்டுபிடிச்சீங்களா? ஆளை விட்டுட்டு மெஷினைப் புடிச்சிக்கிட்டு நிக்கறீங்க. என் பேரைச் சொல்லி அவரை வெளிய நிறுத்தாதீங்க."

தலைமையாசிரியையாக இருந்தவளுக்கு இந்தப் பாடம் போதும்.

வியாழக்கிழமை காரில் வருகிறேன். காதில் மாட்டிக்கொண்டு இருங்கள். போனை மட்டும் வேறு அறையில் வையுங்கள். அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பெரில்

•

டிப்டன்
3 நவம்பர் 2023

பெரிலுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஷோனா ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டாள்.

சில பாக்கி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முதலாவது, போன மாதம் அந்த வியாழக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்தபோது, திரும்பிப் போக வண்டியில் சார்ஜ் இல்லை என்று என் சமையலறைப் பிளக்கிலிருந்து சன்னல் வழியாக ஒயரை இழுத்துப்போட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். டிப்டனின் கரண்ட்டில்தான் பூசாரியம்மா ஊர் போய்ச் சேர்ந்தார் என்பதை உன் வட்டத்தில் எல்லோருக்கும் சொல்லவேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

இரண்டாவது, நீ அந்த வரியை இரண்டு தடவை தப்பாகச் சொன்னாய். டீச்சர் தப்புச் சொல்லி நான் திருத்தியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மூன்றாம் தடவை உன் மூச்சு என் காது மெஷினில் பட்டுக் கால்வாய்ப் பாலத்துக்கு அடியில் காற்று இரைகிற மாதிரி இரைந்தது, அதற்கு நடுவில் ஒவ்வொரு வார்த்தையும் அதனதன் இடத்தில் வந்தது. கம்பி வழியாகத்தான் வந்தது. மூச்சாகத்தான் வந்தது.

மூன்றாவது, ரூபர்ட் ரொட்டியை முதலில் எனக்குக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லாதே. இன்னும் இல்லை.

நெல்லின் ஏட்டை நெருப்பில் போட்டபோது கிண்ணப் பக்கம் கடைசியாக எரிந்ததைப் பார்த்தேன். எனக்கு எரிக்க ஏடு கிடையாது. நான் போனபிறகு எதையாவது எரிக்கவேண்டும் என்று காது மெஷினை நெருப்பில் போட்டுவிடாதே, பாட்டரி வெடிக்கும். அது ஆஸ்பத்திரிச் சொத்து, திருப்பிக் கொடுக்கவேண்டும். என்னுடையது எல்லாம் உன் காதில் இருக்கிறது. சீக்கிரம் உனக்குப் பின் வரப்போகிற ஷோனா காதில் போடு. பக்கவாதம் சொல்லிக்கொண்டு வராது.

கடைசியாக ஒன்று. அவள் பெயரைக் கூப்பிட்டு நீ அந்த வரியைச் சொன்ன பிறகு, நான் இரண்டு மெஷினையும் கழற்றிப் பையில் போட்டதை எல்லோரும் பார்த்தார்களாம். பெரியவர் கடைசியில் விதிக்குக் கட்டுப்பட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள் என்று ஷோனா சொன்னாள். நான் யாருக்கும் கட்டுப்படவில்லை. அதை அவர்களிடம் சொல்லிவிடு. நீ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மிசஸ் ஃபர்லாங்குக்கும் நெல்லுக்கும் பிறகு இன்னொரு வாய் அதைச் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். என் பங்கைச் சொன்னேன். சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் நாற்காலிக் கையில் தட்டும் சத்தம் வருகிறதா என்று இரண்டு காதையும் முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டேன்.

வரவில்லை. அதற்கப்புறம்தான் கழற்றினேன்.

ஜேபஸ்